ரோமத் தொப்பித் தூதர்

பெஞ்சமின் பிராங்க்ளின் என்றதும் எலெக்ட்ரிகல் பிரிவு நண்பர்களுக்கு இடிதாங்கிதான் ஞாபகம் வரும். எனக்கு அதைவிடப் பெரிசாகத் தெரிவது, எழுபது வயதில் அவர் போன தூது.

1706-ல் பாஸ்டன் நகரில் பிறந்தார். அப்பா மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து விற்றவர். பிள்ளை பள்ளிக்கூடம் போனது இரண்டே வருஷம். பன்னிரண்டு வயதில் அண்ணனின் அச்சாபீசில் வேலைக்கு உட்கார்ந்தார். ஈய எழுத்தும் மையும்தான் அவருக்குக் காலேஜ்!

1776-ல் அமெரிக்கா இங்கிலாந்தை எதிர்த்து விடுதலைப் போரில் இறங்கியிருந்தது. கையில் போதிய வெடிமருந்து கிடையாது, பணமும் கிடையாது. பிரான்ஸ் கைகொடுத்தால்தான் பிழைக்கலாம். அந்த டிசம்பரில் பிராங்க்ளின் அங்கே போய் இறங்கினார். பாரிசில் பெரிய மனுஷன் என்றால் தலையில் பவுடர் போட்ட டோப்பா இருக்கணும். இவரோ ரோமத் தொப்பியும் மூக்குக் கண்ணாடியுமாக நின்றார். ஜனங்கள் சொக்கிப் போனார்கள். காட்டிலிருந்து வந்த ஞானி என்றே நினைத்துவிட்டார்கள். உண்மையில் அவர் லண்டனில் பல வருஷம் இருந்த பட்டணத்துக்காரர். ஆனாலும் அந்த நினைப்பை அவர் கலைக்கவே இல்லை, கெட்டிக்காரர்! அவர் முகம் பதக்கங்களிலும் பொடி டப்பி மூடிகளிலும் ஏறியது. ராஜாவைப் பார்க்கும் முன்பே ஊரைப் பிடித்துவிட்டார்.

தொப்பியால் மட்டும் காரியம் நடந்துவிடவில்லை. 1777 அக்டோபரில் சரடோகாவில் ஆங்கிலப் படை சரணடைந்த சேதி வந்த பிறகுதான் பிரான்ஸ் அரசு துணிந்தது. 1778 பிப்ரவரி 6-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரெஞ்சுக் கப்பல்களும் சிப்பாய்களும் வந்தார்கள். 1781-ல் யார்க்டவுனில் ஆங்கிலேயர் தோற்றதில் அவர்களுக்குப் பாதிப் பங்கு உண்டு. இதற்கிடையே வீட்டில் ஒரு தீராத வலி. சொந்த மகன் வில்லியம் இங்கிலாந்து ராஜா பக்கமே நின்றுவிட்டார்.

இனி சொல்லப் போவது எனக்குப் பிடிக்காத விஷயம். ஆனாலும் மறைக்கக் கூடாது. பாரிசை ஒட்டிய பாஸியில் அவர் தங்கிய இடத்தில் சொந்தமாக ஒரு அச்சு யந்திரம் வைத்திருந்தார். 1782-ல் அதில் ஒரு பாஸ்டன் பத்திரிகையைப் போலவே பொய்யாக ஒரு தாள் அச்சடித்தார். அமெரிக்கப் பழங்குடிகள் குடியேறியவர்களின் தலைத்தோலை உரித்து, மூட்டை மூட்டையாகக் கட்டி ஆங்கிலேயருக்கு அனுப்புகிறார்கள் என்பது சேதி. விளம்பரம் முதற்கொண்டு எல்லாமே கட்டுக்கதை! இங்கிலாந்து மக்களுக்குத் தங்கள் அரசின் மேல் வெட்கம் வரவேண்டும் என்பது அவர் கணக்கு. பழி விழுந்ததோ, பதில் சொல்லப் பத்திரிகை இல்லாத செனகா மக்கள் தலையில். பிற்பாடு அதை நிஜம் என்று நம்பி மறுபடி அச்சிட்ட பத்திரிகைகளும் உண்டு.

1783-ல் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டார். 1790-ல், 84 வயதில், பிலடெல்பியாவில் காலமானார். தன் உயிலில் அவர் தன்னைப் பற்றி முதலில் போட்டுக்கொண்டது அச்சுக்காரர் என்று. தூதர் பதவியெல்லாம் அதற்குப் பிறகுதான்.