பத்ராசல ராமதாஸர் – ஒரு தாசில்தாரின் கதை

பஜனை சம்பிரதாயத்தில் வளர்ந்த நமக்கு பத்ராசல ராமதாஸரை அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. ஸ்ரீராம நவமி வந்தால், சாமராஜப்பேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் ஸ்ரீராமசேவா மண்டலி 1939 முதல் நடத்திவரும் கச்சேரிகளில் அவர் கீர்த்தனை ஒன்றாவது காதில் விழும். நான் சயன்ஸ் படித்தவன். பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்கக் கணக்கு, ஆடிட் ஆட்சேபணை என்றே காலம் தள்ளியவன். அதனாலோ என்னவோ, ராமதாஸர் என்றதும் எனக்கு மகானுக்கு முன்னால் ஒரு தாசில்தார்தான் நினைவுக்கு வருகிறார்.

இயற்பெயர் கஞ்சர்ல கோபண்ணா. இன்றைய தெலங்கானாவில் கம்மம் அருகே உள்ள நேலகொண்டபல்லியில் 17-ஆம் நூற்றாண்டில் பிறந்தவர். அப்போது கோல்கொண்டாவை ஆண்டவர் கடைசி குதுப் ஷாஹி சுல்தானான அபுல் ஹசன் தானீஷா (1672–1687). அவருடைய மந்திரிகளான அக்கண்ணா, மாதண்ணா சகோதரர்கள் கோபண்ணாவுக்கு மாமன்மார். அந்தச் செல்வாக்கில் பால்வஞ்ச பரகணாவின் தாசில்தார் உத்தியோகம் கிடைத்தது. வரியை வசூலித்து கஜானாவுக்கு அனுப்புவது வேலை.

அவர் ஆளுகைக்கு உட்பட்ட பத்ராசலத்தில், கோதாவரிக் கரையில், தம்மக்கா என்ற பழங்குடிப் பெண்மணி ஓலைக் கொட்டகை போட்டுப் பூஜித்துவந்த ராமருக்குக் கோவில் எழுப்ப கோபண்ணா ஆசைப்பட்டார். நன்கொடை திரட்டினார், போதவில்லை. கையில் வரிப்பணம் இருந்தது. ஆறு லட்சம் வராகன் செலவாயிற்று என்பது வழக்கு. சுல்தானுக்குச் செய்தி போயிற்று; கோபண்ணா கோல்கொண்டாக் கோட்டைச் சிறைக்குப் போனார். பன்னிரண்டு வருஷம்.

கதாகாலட்சேபங்களில் தானீஷாவைக் கொடுங்கோலனாகக் காட்டுவார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. சிறையில் அடித்தது கொடுமைதான். ஆனால் குற்றச்சாட்டு நியாயமானது. இன்றைக்கு ஒரு தாசில்தார் இதைச் செய்தால் அது வெறும் திருட்டு வழக்கு ஆகாது. பொது ஊழியர் செய்த நம்பிக்கை மோசடி. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 409-ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சம்ஹிதையில் 316(5). ஆயுள் தண்டனை வரை உண்டு. பிறகு திருப்பிக் கட்டிவிடுவேன் என்று சொன்னாலும் சட்டம் கேட்காது. பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தைத் திருப்பெருந்துறையில் செலவழித்த நம் மாணிக்கவாசகர் கதையும் இதே ஜாதிதான். அங்கே நரிகள் பரியாகி வந்தன.

மாமன்மார் மந்திரிகளாக இருந்தும் மருமகன் வெளியே வரவில்லை. இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை.

சிறையில் அவர் பாடியவற்றில் 'இக்ஷ்வாகு குல திலகா' என்ற கீர்த்தனையை நான் கணக்குக்காரனின் காதோடுதான் கேட்பேன். மதில் கட்ட இவ்வளவு, பரதனுக்குப் பச்சைக்கல் பதக்கம் இவ்வளவு, சீதைக்குப் பதக்கம் இவ்வளவு என்று இனவாரியாகச் செலவுப் பட்டியல் வாசிக்கிறார். எதையும் மறுக்கவில்லை, மறைக்கவில்லை. வவுச்சரோடு கொடுத்த வாக்குமூலம் மாதிரி இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், கணக்கைச் சுல்தானிடம் ஒப்பிக்காமல் ராமனிடம் ஒப்பித்து, இதெல்லாம் உன் அப்பன் தசரதன் போட்டதா, மாமனார் ஜனகர் அனுப்பியதா என்று சண்டை பிடிக்கிறார். கடைசியில், அடி தாங்காமல் திட்டிவிட்டேன், கோபிக்காதே என்று கெஞ்சுகிறார். அந்த இடத்தில் எந்த ஆடிட்டருக்கும் தொண்டை அடைக்கும். தியாகராஜ ஸ்வாமிகள் இவரைப் பெயர் சொல்லிப் போற்றியிருக்கிறார். நம் காலத்தில் பாலமுரளிகிருஷ்ணா இந்தக் கீர்த்தனைகளை வீடுதோறும் கொண்டுசேர்த்தார்.

விடுதலையான விதம் எல்லோருக்கும் தெரியும். ராமோஜி, லக்ஷ்மோஜி என்று இரண்டு இளைஞர்கள் நடுராத்திரியில் தானீஷாவிடம் போய் முழுத் தொகையையும் பொன்னாகக் கட்டினார்கள். நான் ரசிப்பது அடுத்த காரியத்தை: ரசீது வாங்கிக்கொண்டார்கள்! அது கோபண்ணாவின் தலைமாட்டில் கிடந்ததாம்.

கோட்டையில் அந்த அறையை இப்போதும் காட்டுகிறார்கள். சுவரில் அவர் செதுக்கியதாகச் சொல்லப்படும் ராமர், சீதை, லக்ஷ்மணர், அனுமார் உருவங்கள் இருக்கின்றன.

ராம நவமிக் கல்யாணத்துக்கு முத்து அக்ஷதை அனுப்பும் வழக்கம் தானீஷா காலத்தில் ஏற்பட்டதாம். நிஜாம்கள் தொடர்ந்தார்கள், பிறகு மாநில அரசு எடுத்துக்கொண்டது. அன்று கையாடல் என்று கோபண்ணாவைச் சிறையில் தள்ளிய செலவில் ஒரு பகுதி இன்று முறைப்படி அனுமதி பெற்ற அரசுச் செலவாக நடக்கிறது.

தானீஷாவின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 1687-இல் கோல்கொண்டா ஔரங்கசீப்பிடம் வீழ்ந்தது. கைதியான சுல்தானைத் தௌலதாபாத் கோட்டையில் அடைத்தார்கள். 1699-இல் அங்கேயே காலமானார். அவருக்கும் ஏறக்குறைய பன்னிரண்டு வருஷம்தான்.