விரல் கண்ட எழுத்து

இத்தாலியின் கியாரவல்லே என்னும் சிற்றூரில் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள் மரியா மாண்டிசோரி பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயில்வதைச் சமூகம் ஏற்காத காலம் அது. உடற்கூறு வகுப்பில் ஆடவரோடு சேர்ந்து பயில அவருக்கு இசைவு கிட்டவில்லை. மற்றவர்கள் சென்றபின் பிணவறையில் தனித்திருந்தே கற்றார். 1896ஆம் ஆண்டு ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

மருத்துவப் பணியின்போது, கற்க இயலாதவர் என ஒதுக்கப்பட்ட சிறுவர்களை மனநோயாளர் காப்பகங்களில் கண்டார். அவர்களுக்குத் தேவை மருந்தன்று, கற்கும் வழியே எனத் தெளிந்தார். 1900ஆம் ஆண்டு ரோமில் தொடங்கப்பெற்ற சிறப்புப் பள்ளியின் பொறுப்பேற்றுப் பகலில் கற்பித்தார். இரவில் தம் குறிப்புகளை ஆராய்ந்தார்.

சிறுமி ஒருத்திக்குத் தையல் எவ்வளவு கற்பித்தும் வரவில்லை. மாண்டிசோரி ஊசியை விலக்கி, பட்டையான கீற்றுகளைப் பாய்போல் முடையப் பழக்கினார். பின்னர் ஊசியைக் கொடுத்தபோது அவள் எளிதாகத் தைத்தாள். கை முதலில் பழகினால் செயல் தானே கைவரும் என்பதை அவர் உணர்ந்தார். இதனையே எழுத்துக்கும் பொருத்தினார். மரத்தால் எழுத்துகளைச் செய்வித்து, எழுதும் முறைப்படியே அவற்றைச் சிறுவர்கள் விரலால் தடவச் செய்தார். கண்ணுக்குப் பிடிபடாத வடிவம் விரலுக்குப் பிடிபட்டது.

அச்சிறுவர்களுள் சிலர், பிற பள்ளி மாணவர்களுக்குரிய தேர்வையே எழுதி வெற்றி பெற்றனர். ஊரார் வியந்தனர், மாண்டிசோரியோ கவலையுற்றார். குறையுடையோர் எனப்பட்டவர்கள் இந்நிலையை எட்டும்போது, நலமிக்க குழந்தைகளைப் பள்ளிகள் எவ்வளவு தாழ்வாக நிறுத்தியுள்ளன என்று எண்ணினார்.

1907ஆம் ஆண்டு ரோமின் சான் லொரென்சோ பகுதியில் ஏழைக் குழந்தைகளுக்கான இல்லம் அவர் பொறுப்பில் திறக்கப்பட்டது. அங்கு மர எழுத்துகள் கிடைக்கவில்லை. எனவே உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டினார். அதன் சொரசொரப்பு, வழி தவறாது விரலை நடத்தியது. விலை மிகுந்த கருவியைவிட எளிய தாளே சிறந்த துணையாயிற்று.

1939ஆம் ஆண்டு சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். உலகப்போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்கினார். 1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் நெதர்லாந்தில் மறைந்தார்.

எழுத்தறிவதில் இடர்ப்படும் குழந்தைகள் இன்றும் அவ்வெழுத்துகளை விரலால் தடவிக் கற்கின்றனர். குழந்தை கற்கவில்லையெனில், மாற்ற வேண்டுவது கற்பிக்கும் கருவியையே என்பதை அவர் வாழ்வு உணர்த்துகிறது.