இருசக்கரத்தில் இமயம் வரை

வருகின்ற விடுமுறையில் நம் மன்றத்து நண்பர்கள் நால்வர் சைக்கிளிலேயே நேபாளம் சென்று வரத் திட்டமிட்டிருக்கின்றனர். ஐந்தாவது ஆளாக என்னையும் அழைத்தனர். வீட்டில் சொன்னேன். பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று அம்மா கேட்டார். அப்பா கேட்டது வேறு: சாமான்களை யார் சுமப்பார்கள்? அவர் சந்தையில் மூட்டை தூக்கும் தொழிலாளி. அவருக்கு அந்தக் கேள்விதான் முதலில் தோன்றும்.

அம்மாவுக்கு விடை சொல்ல நூலகத்தில் தேடியபோதுதான் ஃபேனி புல்லக் வொர்க்மன் அம்மையாரைச் சந்தித்தேன். அப்பாவின் கேள்விக்கும் அவருடைய வரலாற்றில் விடை இருக்கிறது. ஆனால் அது மகிழ்ச்சி தரும் விடையன்று.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் 1859-ஆம் ஆண்டு பிறந்தவர் ஃபேனி. தந்தை அம்மாநிலத்தின் ஆளுநராக இருந்தவர், செல்வத்திற்குக் குறைவில்லை. 1882-இல் தம்மினும் பன்னிரண்டு வயது மூத்த மருத்துவர் வில்லியம் ஹண்டர் வொர்க்மனை மணந்தார். ரேச்சல் என்றொரு மகள், சீக்ஃபிரீட் என்றொரு மகன். குடும்பம் ஜெர்மனியில் குடியேறியது. 1893-இல் மகன் நோயுற்று இறந்தான். அதன்பின் அம்மையார் வீட்டில் தங்கிய நாட்கள் குறைவே. மகளைப் பிறர் பொறுப்பில் விட்டுவிட்டுக் கணவரோடு ஊர் ஊராகச் சென்றார். இதைக் குற்றமென்று சொல்லுவோர் உண்டு. இதையே செய்த ஆண்களை எவரும் கேட்டதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

அக்காலம் சைக்கிளின் பொற்காலம். முன்சக்கரம் ஆள் உயரத்திற்கு நின்ற பழைய வண்டி ஒழிந்து, இரண்டு சக்கரமும் ஒரே அளவான வண்டி 1885-இல் இங்கிலாந்தில் வந்தது. 1888-இல் டன்லப் காற்றடைத்த ரப்பர் டயரைக் கொண்டுவந்தார். இவ்விரண்டும் இல்லையேல் அம்மையாரின் கதையே இல்லை. 1895-இல் இருவரும் ஸ்பெயின் நாட்டில் 2,800 மைல் சென்றனர். ஒவ்வொருவர் வண்டியிலும் இருபது பவுண்டு சுமை. நாளொன்றுக்குச் சராசரி 45 மைல். கவனியுங்கள், அங்கே அவரவர் சுமையை அவரவர் வண்டியே தாங்கிற்று.

1897 நவம்பரில் கீழ்நாட்டுப் பயணம் தொடங்கிற்று. அப்போது அம்மையாருக்கு வயது 38, கணவருக்கு 50. இந்தியா, இலங்கை, பர்மா, ஜாவா எனச் சுமார் இரண்டரை ஆண்டுகளில் 14,000 மைல்! இந்தியாவின் தென்முனையிலிருந்து இமயம் வரையில் மட்டும் சைக்கிளில் ஏறத்தாழ 4,000 மைல். தேயிலை, சர்க்கரை, பிஸ்கட், தகரத்தில் அடைத்த இறைச்சி, ஆளுக்கொரு போர்வை, மருந்து, பழுது பார்க்கும் கருவிகள் இவ்வளவே உடைமை. தங்க இடம் கிடைக்காத இரவுகளில் ரயில் நிலையத்துக் காத்திருக்கும் அறையில் படுத்தனர். எலிகளும் கொசுக்களும் உடன் துயின்றன. ஒரே நாளில் நாற்பது முறை வரை டயர் பஞ்சராகியிருக்கிறது.

அந்த நாற்பதை நான் நம்புகிறேன். எங்கள் குடும்பம் உடுமலைப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடிக் கொழிஞ்சாம்பாறைக்குச் சென்றது. சித்தூரில் படித்துவிட்டு மாலையில் சைக்கிளில் திரும்புவேன். மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வீசும் காற்று மார்பில் கைவைத்துத் தள்ளுவது போலிருக்கும். வழியில் ஒரு கருவேல முள் குத்திவிட்டால் போதும், அழுகையே வந்துவிடும். அம்மையாரோ நீண்ட பாவாடையோடு இத்தனையும் செய்தார்.

1904-இல் அப்பயணத்தைப் பற்றிய நூல் வெளிவந்தது. பழைய கோயில்களும் சிற்பங்களும் அதில் விரிவாக இடம்பெறுகின்றன. அன்று வாழ்ந்த மக்களுக்கு அவ்வளவு இடமில்லை. நம்மவர் எழுப்பிய கல்லைப் போற்றியவர், நம்மவரை ஏன் அப்படிப் பார்க்கவில்லை?

மலைக்குப் போனதும் இக்குறை பெரிதாகிறது. 1898 அக்டோபரில் 45 கூலியாட்களோடு சிக்கிம் பக்கம் கிளம்பினார். பருவம் கடந்துவிட்டது, குளிர் கடுமை. ஆட்கள் மேலே வர மறுத்தனர். அம்மையாரும் கணவரும் அவர்களைச் சோம்பேறிகள் என்று பழித்துவிட்டு டார்ஜிலிங் திரும்பினர். முதுகில் மூட்டையோடு பனியில் நிற்பவனுக்குக் காலணி இருந்ததா, கம்பளி இருந்ததா என்று அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, சற்று நேரம் அப்பாவை நினைத்துக் கொண்டிருந்தேன்.

ஆனாலும் அம்மையாரின் துணிவை மறைக்க முடியாது. 1906-இல், 47-ஆம் வயதில், காஷ்மீரத்து நுன் குன் மலைக் கூட்டத்தில் பின்னக்கிள் சிகரத்தில் ஏறினார். 1934 வரை எந்தப் பெண்ணும் அதைவிட உயரம் சென்றதில்லை. பின்னர் ஆனி பெக் என்ற மற்றோர் அமெரிக்கப் பெண்மணி பெருநாட்டில் அதைவிட உயர்ந்த சிகரம் ஏறியதாகச் சொன்னார். ஃபேனி சும்மா இருப்பாரா? 13,000 டாலர் செலவிட்டுப் பிரெஞ்சுப் பொறியாளர்களை அனுப்பி அச்சிகரத்தை அளக்கச் செய்தார். 21,812 அடிதான் என்று முடிவாயிற்று. அம்மையார் தம் சிகரத்திற்குச் சொன்ன உயரமும் சற்று மிகையே. பிற்கால அளவுப்படி அது 22,735 அடி. இருந்தாலும் வெற்றி அவருக்கே. ஆய்வகத்தில் அளவீட்டுப் பிழையோடு மல்லாடும் நமக்கு இது நல்ல வேடிக்கை.

1911, 1912 ஆண்டுகளில் சியாச்சின் பனியாற்றை ஆராய்ந்து வரைபடம் உண்டாக்கச் செய்தார். அங்கே 21,000 அடி உயரத்தில், பெண்களுக்கு வாக்குரிமை கேட்கும் செய்தித்தாளை விரித்துப் பிடித்தபடி படம் எடுத்துக் கொண்டார். அந்தப் பயணத்தில்தான் இத்தாலிய வழிகாட்டி ஒருவர் பனிப்பிளவில் விழுந்து இறந்தார். அம்மையார் நூலிழையில் தப்பினார்.

1925-இல் பிரான்சில் கான் நகரில் அவர் மறைந்தார். உயிலில் அமெரிக்க மகளிர் கல்லூரிகள் நான்கிற்கு 1,25,000 டாலர் எழுதி வைத்திருந்தார். அவர் விட்டுச் சென்ற மகள் ரேச்சலோ நிலவியல் கற்று, 1919-இல் லண்டன் நிலவியல் கழகம் முதன்முதலாகச் சேர்த்துக்கொண்ட பெண் உறுப்பினர்களுள் ஒருவரானார்.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அந்தப் பையன் இறந்தபோது அவனுக்கு என்ன வயது என்று மட்டும் கேட்டார். நாலு என்றேன். நேபாளத்தைப் பற்றி அன்றைக்கு நாங்கள் மேற்கொண்டு பேசவில்லை. அப்பாவிடம், ஐந்து வண்டியிலும் ஐந்து பை, கூலியாள் கிடையாது என்று சொல்லியிருக்கிறேன். பின்சக்கரத்துக்கு மேல் சுமையை எப்படிக் கட்டினால் சாயாது என்று அவர் விளக்கத் தொடங்கிவிட்டார்.