ஆற்றைப் படித்த ஆங்கிலேயர்

(பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

நம் நாட்டிற்கு வந்த ஆங்கிலேயருள் வாளேந்தி வந்தோர் உண்டு. தராசேந்தி வந்தோரும் உண்டு. நம் ஆறுகளைப் படிக்க முற்பட்டவர் ஒரு சிலரே. அச்சிலருள் தலையாயவர் சர் ஆர்தர் காட்டன். கோதாவரிக் கரை மக்கள் அவருக்குச் சிலை எடுத்துப் போற்றுகின்றனர். அவர் தம் பாடத்தைக் கற்றதோ காவிரிக் கரையில்! அதை நாம் ஏனோ அதிகம் பேசுவதில்லை.

1803-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார் காட்டன். பதினாறு வயதில் சென்னைப் படையின் பொறியாளர் பிரிவில் சேர்ந்து, 1821-இல் சென்னைக்கு வந்தார். பாம்பன் கால்வாயை அளந்தார்; பர்மியப் போருக்கும் சென்று திரும்பினார். 1828-இல் காவிரிப் பாசனப் பணி அவர் கைக்கு வந்தது.

அந்நாளில் தஞ்சைத் தரணி வாடிக்கொண்டிருந்தது. காரணம் மழையின்மை மட்டுமன்று. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகின்றது. வலப்புறம் செல்வது காவிரி. இடப்புறம் செல்வது கொள்ளிடம். கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது, சரிவு மிகுந்தது. காவிரியின் வாயோ ஆண்டுக்காண்டு மணலால் மேடிட்டது. பள்ளம் கண்ட பக்கம் பாய்வது நீரின் இயல்பன்றோ? வயல்களுக்குப் போகவேண்டிய வெள்ளம் கொள்ளிடத்தின் வழியே வீணே கடலுக்குப் போயிற்று.

முக்கொம்பில் அணை கட்டலாமே எனத் தோன்றும். ஆனால், தோண்டத் தோண்ட மணல்! பாறை கிட்டாத இடத்தில் கடைகால் எங்கே போடுவது? விடையைக் காட்டன் தம் நாட்டுப் புத்தகங்களில் தேடவில்லை. கரிகாலன் பெயரால் வழங்கும் கல்லணையைப் போய்ப் பார்த்தார். நூற்றாண்டுகளாக மணல்மேல்தானே அது நிற்கிறது? பெருங்கற்களை ஆற்று மணலில் இடுவது, அவை அமிழ்ந்தால் அவற்றின்மேல் மீண்டும் கற்களை இடுவது, இனி அமிழாது என்ற நிலை வந்தபின் மேலே கட்டுவது. இதுவே பழந்தமிழர் முறை. படிப்பறியாதவர் கட்டியது என்று ஒதுக்கிவிட்டுப் போயிருக்கலாம். அவ்வாறு செய்யாததுதான் காட்டனின் பெருமை என்பது என் கருத்து.

1836-இல் முக்கொம்பில் மேலணையும், கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில் அணைக்கரையில் கீழணையும் எழுந்தன. கீழணையின் நீர் வடவாற்றின் வழியே வீராணம் ஏரியை நிரப்புகின்றது. 1993-இல் மாவட்டம் பிரியும்வரை செஞ்சியும் வீராணமும் ஒரே தென்னார்க்காடு மாவட்டத்தவை என்பதை இங்கே நினைவூட்டுகின்றேன். அந்த ஏரியின் நீர் 2004 முதல் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் பயணம் செய்து சென்னை மக்களின் தாகம் தீர்க்கிறது!

கதை இத்துடன் முடிந்திருந்தால் காட்டனும் பத்தோடு பதினொன்றாகியிருப்பார். மேலணை வேண்டிய அளவுக்கு மேலேயே வேலை செய்தது! இப்போது காவிரியில் நீர் மிகுந்து, படுகை அரிக்கப்பட்டு, கரைகளுக்கு ஆபத்து வந்தது. ஆகவே அணையின் ஒரு பகுதியைத் தாழ்த்தினார்கள். 1845-இல் காவிரியின் குறுக்கேயும் ஒரு தடுப்பு கட்டினார்கள். ஆற்றில் ஓரிடத்தில் கை வைத்தால் மற்றோரிடம் பதில் சொல்லும். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் முக்கொம்புக் கொள்ளிட அணையின் ஒன்பது மதகுகள் இடிந்து விழுந்தபோதும், ஆற்றில் மணல் அள்ளியதன் விளைவு இது என்று பலர் பேசினர்.

இடையில் நோயுற்ற காட்டன் ஓய்வுக்காகத் தாஸ்மேனியா சென்று, அங்கே 1841-இல் மணம் புரிந்தார். திரும்பி வந்து 1847 முதல் 1852 வரை தவளேசுவரத்தில் கோதாவரியைத் தடுத்து அணை கட்டினார். பஞ்சத்தில் அடிபட்ட நிலம் நெற்களஞ்சியமாயிற்று. 1861-இல் சர் பட்டம் வந்தது. இருப்புப்பாதைக்குக் கொட்டும் பணத்தைக் கால்வாய்க்குக் கொடுங்கள் என்று ஆட்சியாளரோடு ஓயாமல் வாதாடினார். வேடிக்கை என்னவெனில், 1837-இல் செங்குன்றத்திலிருந்து கல் கொண்டுவரச் சென்னையில் முதன்முதல் இருப்புப்பாதை போட்டவரும் அவரே!

அவர் கருத்து தோற்ற இடமும் உண்டு. கர்னூல்–கடப்பைக் கால்வாயைத் தனியார் கம்பெனி ஒன்று வெட்டியது. ஈரம் காக்கும் கரிசலில் புன்செய்ப் பயிரிட்ட உழவர் அந்நீரை எதிர்பார்த்த அளவில் வாங்கவில்லை. கம்பெனி நொடித்து, 1882-இல் அரசே கால்வாயை விலைக்கு வாங்கியது. 1878-இல் பாராளுமன்றக் குழுவின் முன் கடுமையான கேள்விகளுக்கும் அவர் விடை சொல்ல வேண்டியிருந்தது. டெல்டாவுக்கு ஏற்ற மருந்து எல்லா நிலத்துக்கும் ஏற்றதன்று.

மாணவ நண்பர்களே! நம் செஞ்சியும் டெல்டா அன்று. இம்மலைகளில் பிறக்கும் சங்கராபரணி ஆண்டில் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கின்றது. நம் காலடியில் இருப்பதோ கரும்பாறை. பாறையின் வெடிப்புகளிலும், அதன்மேல் மக்கிய மண்ணிலும் தேங்கும் மழைநீரே நமக்கு நிலத்தடி நீர். என் பாட்டனார் மாடு பூட்டிக் கவலை இறைத்த கிணற்றில் இன்று மோட்டாருக்கு நீர் எட்டவில்லை. பக்கத்துக் கொல்லைகளில் ஆழ்துளைக் கிணறுகள் ஒன்றைவிட ஒன்று ஆழமாக இறங்குகின்றன. ஏரிகளோ வண்டல் மேடிட்டுக் கிடக்கின்றன.

கோட்டையைக் கட்டியோர் இப்பாறையைப் படித்திருந்தனர். இராசகிரி உச்சியில் சுனை, அதன் கீழே மழைநீர்த் தேக்கம், அடிவாரத்தில் சக்கரக்குளம், செட்டிகுளம். தொலைவிலிருந்த தேக்கத்திலிருந்து கல்யாண மகாலுக்குச் சுடுமண் குழாயில் நீர் வந்தது. ஒரு கல்லணையைப் பார்த்துக் காட்டன் இரண்டு அணைகள் கட்டினார். இக்குளங்களைப் பார்த்து நாம் ஓர் ஏரியையாவது தூர்வாரியிருக்கிறோமா? சுற்றுலாவுக்கு வந்து படம் பிடித்துச் செல்வதோடு சரி.

முதுமையில் காட்டன் இங்கிலாந்தில் டார்க்கிங் என்ற ஊரில் வாழ்ந்தார். ஆறுகளோடு மல்லாடிய அவர், தம் தோட்டத்து மண்ணை ஆழக் கிளறிப் பயிரிட்டுச் சோதனை செய்தார். 1899 சூலை 24-ஆம் நாள், தொண்ணூற்றாறு வயதில் மறைந்தார். அடுத்த ஆண்டே அவர் மகள் தந்தையின் வரலாற்றை நூலாக வெளியிட்டார்.