வெள்ளீய வேந்தன்

நவராத்திரி நெருங்கிவிட்டால் திருத்தணி மலையைச் சுற்றியுள்ள ஊர்களில் பரண்களிலிருந்து பெட்டிகள் இறங்கத் தொடங்கும். தறியொலி மிக்க பொதட்டூர்பேட்டையிலும் கொலு வைக்கும் இல்லங்களில் பழந்துணியிற் சுற்றி வைத்த மண்பொம்மைகள் ஒவ்வொன்றாக வெளிவரும். வண்ணம் உதிர்ந்தவற்றிற்குப் புதுவண்ணம் தீட்டுவதும், கை முறிந்தவற்றை ஒட்டவைப்பதும், இவ்வாண்டு புதிதாக எதனை வாங்கலாம் என்று ஆராய்வதும் சிறுவர்க்கும் முதியோர்க்கும் ஒருங்கே இன்பம் தரும் பணிகள். மேற்படியில் இராமபிரான் முடிசூடி அமர்ந்திருப்பார். கீழ்ப்படியில் செட்டியார் தம் மனைவியோடு கடை விரித்திருப்பார். அரசரும் வணிகரும் அங்கே ஒரு சாண் உயரமே.

இதனையொத்த வழக்கம் ஒன்று ஜெர்மானியரிடமும் உண்டு. அவர்களுடைய பொம்மைகள் மண்ணால் ஆனவை அல்ல, வெள்ளீயத்தால் வார்க்கப்பட்டவை. அவற்றுள் பெரும்பாலானவை போர்வீரர் உருவங்கள். அவ்வீரர்களின் நடுவே, நீலச் சட்டையும் முக்கோணத் தொப்பியும் அணிந்து, குதிரைமேல் வீற்றிருக்கும் மன்னன் ஒருவனை எளிதில் அடையாளம் காணலாம். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் தேடித் தேடிச் சேர்த்து, நுண்ணிய தூரிகையால் வண்ணம் தீட்டிப் போற்றும் அவ்வுருவத்திற்கு உரியவன் பிரஷ்ய நாட்டு வேந்தன் இரண்டாம் பிரெடரிக் ஆவான். வரலாற்றாசிரியர் அவனை மகா பிரெடரிக் என்பர்.

பிரெடரிக் 1712ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 24ஆம் நாள் பெர்லின் நகரிற் பிறந்தான். அவன் தந்தை முதலாம் பிரெடரிக் வில்லியம் மறு ஆண்டில் அரியணை ஏறினான். ஆடம்பரத்தை அறவே வெறுத்த மன்னன் அவன். அரண்மனைச் செலவுகளை ஈவிரக்கமின்றிக் குறைத்தான். ஆயினும் ஒன்றில் மட்டும் அவனுக்கு அடங்காத வேட்கை இருந்தது. நெடிதுயர்ந்த மனிதர்களைச் சேர்த்துப் படையணியாக நிறுத்திப் பார்ப்பதே அவ்வேட்கை. பிரஷ்ய அளவில் ஆறடி, அதாவது ஏறத்தாழ 188 சென்டிமீட்டர் உயரம் இல்லாதவர்க்கு அவ்வணியில் இடமில்லை. உயர்ந்த ஆடவர் எங்கேனும் இருப்பதாகச் செய்தி கிடைத்தால் மன்னனுடைய ஆட்கள் அங்கே விரைவர். பொன்னுக்கு இணங்காதவரைக் கடத்தியும் வருவர். ருஷிய மன்னன் மகா பீட்டர் நெட்டையர்களைப் பரிசாகவே அனுப்பிவைத்தான். அவர்களுள் சிலரைச் சித்திரங்களாகவும் தீட்டச் செய்து மன்னன் மகிழ்ந்தான். கீல்வாத நோய் வருத்தும்போது தானே தூரிகையைப் பிடித்துப் படம் வரைந்து வலியை மறக்க முயல்வதும் உண்டு. உலகில் பொம்மை சேர்த்தோர் பலர். உயிருள்ள மனிதரையே பொம்மைகளாகச் சேர்த்தவன் இவன்.

இத்தகைய தந்தை தன் மகனையும் தான் விரும்பிய வடிவில் வார்த்தெடுக்க எண்ணியதில் வியப்பில்லை. விழித்தெழுவது முதல் உறங்கச் செல்வது வரை இளவரசன் எந்நேரத்தில் எதனைச் செய்தல் வேண்டும் என்று தந்தை எழுதிக் கொடுத்தான். பிள்ளைப் பருவத்திலேயே சிறுவர்களைக் கொண்ட படை ஒன்று அவனுக்காக அமைக்கப்பட்டது. அதனை அணிவகுத்து நடத்துவதே அவனுக்கு வாய்த்த விளையாட்டு. ஆனால் சிறுவனின் உள்ளமோ புல்லாங்குழலிலும் பிரெஞ்சு நூல்களிலும் தோய்ந்தது. தந்தை அறியாமல் நூல்களைச் சேர்த்தான். மறைவாகக் குழல் பயின்றான். அது தெரியவந்தபோதெல்லாம் அடியும் வசையும் கிடைத்தன. பணியாளர் முன்னிலையிலும் படைத்தலைவர் முன்னிலையிலும் தந்தை அவனை அடிப்பது வழக்கமாயிற்று.

பதினெட்டாம் வயதில் பிரெடரிக்கின் பொறுமை எல்லை கடந்தது. 1730ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், தந்தையுடன் பயணம் சென்றிருந்தபோது நாட்டை விட்டு ஓட முயன்றான். முயற்சி வெளிப்பட்டது. அதற்குத் துணைநின்ற நண்பன் காட்டே என்னும் இளம் படையதிகாரி சிறைப்பட்டான். படைமன்றம் அவனுக்கு வாழ்நாட் சிறையே விதித்தது. அரசனோ அத்தீர்ப்பை மரண தண்டனையாக மாற்றினான். நவம்பர்த் திங்கள் 6ஆம் நாள் கியூஸ்திரீன் கோட்டையில் காட்டேயின் தலை துணிக்கப்பட்டது. அதனைக் காணுமாறு இளவரசனைச் சாளரத்தின் அருகே நிறுத்தியிருந்தனர். வாள் வீழுமுன்பே அவன் மயங்கி விழுந்தான் என்பர். அதன்பின் அவன் தந்தையை எதிர்க்கவில்லை. கணக்குகளைக் கற்றான், படைப்பயிற்சியில் தேர்ந்தான், தந்தை காட்டிய பெண்ணை மணந்தான். உள்ளத்தில் இருப்பதை முகத்திற் காட்டாதிருக்கவும் கற்றுக்கொண்டான். அக்கல்வி பிற்காலத்தில் அவனுக்குப் பெரிதும் பயன்பட்டது. பிறருக்கு அது நன்மையாக முடிந்ததா என்பது வேறு கேள்வி.

1740ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் தந்தை மறைய, பிரெடரிக் அரசனானான். முதல் நாட்களில் அவன் செய்தவை மக்களை வியப்பில் ஆழ்த்தின. பஞ்சத்தால் வாடியோர்க்கு அரசக் களஞ்சியங்கள் திறக்கப்பட்டன. குற்றம் சாட்டப்பட்டோரை வதைத்து உண்மை வாங்கும் கொடுமை பெரும்பாலும் ஒழிந்தது. தந்தை அரும்பாடுபட்டுச் சேர்த்த நெட்டையர் படை கலைக்கப்பட்டது. வஞ்சக அரசியலைக் கண்டித்து அவன் எழுதிய நூலும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. அறிஞன் ஒருவன் அரியணை ஏறினான் என்று ஐரோப்பா மகிழ்ந்தது.

அம்மகிழ்ச்சி ஏழு திங்கள்கூட நிலைக்கவில்லை. தந்தை விட்டுச் சென்ற 80,000 வீரரும் நிறைந்த கருவூலமும் அவன் கையில் இருந்தன. ஆஸ்திரியாவில் இருபத்துமூன்று வயது நிரம்பிய மரியா தெரேசா அப்போதுதான் அரசுரிமை பெற்றிருந்தாள். அவளுக்குரிய சைலீசியா நாட்டினுள் அவ்வாண்டு டிசம்பர்த் திங்களில் பிரெடரிக் படையுடன் புகுந்தான். பொதட்டூர்பேட்டையைப் போலவே நெசவால் வாழும் ஊர்கள் நிறைந்த வளநாடு சைலீசியா. அங்கு நெய்த சணல்நூல் துணி கடல் கடந்தும் விலைபோயிற்று. வஞ்சகத்தைக் கண்டித்த எழுதுகோலின் மை உலருமுன்பே வாள் உறையிலிருந்து வெளிவந்தது. மொல்விட்ஸ் என்னுமிடத்தில் 1741இல் நிகழ்ந்த முதற் பெரும்போரில், தோல்வி வந்துற்றதெனக் கருதிய படைத்தலைவன் கூறியவாறு மன்னன் களத்தை விட்டகன்றான். அவனில்லாமலே அவன் படை வென்றது. அந்நாணம் அவனைப் போர்க்கலையின் மாணவனாக்கிற்று. 1745இல் அமைதி ஏற்பட்டபோது சைலீசியா அவன் வசமே இருந்தது.

அடுத்த பத்தாண்டுகள் அவன் வாழ்வின் இனிய காலம். போட்ஸ்டாம் நகரில், திராட்சைக் கொடிகள் படர்ந்த படித்தளங்களின் உச்சியில், கவலையின்மை எனப் பொருள்படும் சான்சூசி என்னும் சிறிய அரண்மனையை எழுப்பினான். மாலைதோறும் புல்லாங்குழல் ஒலித்தது. 1747இல் இசைமேதை பாக் அவன் அழைப்பை ஏற்று வந்து, அரசன் கொடுத்த பண்ணை விரித்து வாசித்தார்.

1756இல் மீண்டும் போர் மூண்டது. ஆஸ்திரியா, பிரான்சு, ருஷியா ஆகிய மூன்று வல்லரசுகளும் பிரஷ்யாவைச் சூழ்ந்தன. இங்கிலாந்து மட்டுமே அதற்குத் துணை. ஏழாண்டுப் போர் எனப்படும் இதன் தீப்பொறி நம் நாட்டிலும் வந்து வீழ்ந்தது. 1760ஆம் ஆண்டு ஜனவரியில் வந்தவாசியில் ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரை முறியடித்ததும், மறு ஆண்டு புதுச்சேரி வீழ்ந்ததும் அப்போரின் பகுதிகளே. பிரெடரிக்கின் பெயரையே கேட்டிராத தமிழ்நாட்டு உழவரின் வயல்களும் அப்பூசலில் மிதிபட்டன.

1757ஆம் ஆண்டு நவம்பரில் ராஸ்பாக்கிலும், சரியாக ஒரு திங்கள் கழித்து லாய்த்தனிலும் தன்னினும் பெரிய படைகளை அவன் வென்றான். வண்ணம் தீட்டுவோர் மிக விரும்பும் காட்சிகள் இவை. ஆனால் 1759ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 12ஆம் நாள் குனர்ஸ்டார்ஃபில் நிகழ்ந்தது வேறு. ஏறத்தாழ 50,000 வீரரோடு களம் புகுந்தவனிடம் அந்திப்பொழுதில் சில ஆயிரவரே எஞ்சி நின்றனர். அவன் மீது பாய்ந்த குண்டு ஒன்றைச் சட்டைப்பையிலிருந்த பொடிப்பெட்டி தடுத்தது. உயிர்வாழ்வதையே வெறுத்த நிலையில் அன்றிரவு அவன் கழித்தான். மறு ஆண்டு பகைவர் பெர்லினுக்குள்ளேயே நுழைந்து மீண்டனர். பிரஷ்யாவின் முடிவு நெருங்கிவிட்டதென்றே யாவரும் எண்ணினர்.

அந்நிலையில் அவனைக் காத்தவன் ஒரு பொம்மைப் பித்தன். 1762ஆம் ஆண்டு ஜனவரியில் ருஷியப் பேரரசி எலிசபெத்து இறக்க, மூன்றாம் பீட்டர் அரியணை ஏறினான். அவன் பிரெடரிக்கைத் தெய்வமாகவே வழிபட்டவன். வளர்ந்த பின்னும் மரத்தாலும் ஈயத்தாலும் மெழுகாலும் கஞ்சிமாவாலும் செய்த போர்வீரர்களை மேசைமேல் நிறுத்தி விளையாடியவன். மாவால் ஆன வீரர் இருவரைத் தின்ற எலி ஒன்றிற்குப் படைச்சட்டப்படி தூக்குத் தண்டனை விதித்தான் என்று அவன் மனைவி காதரீன் தன் நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளாள். கணவனைப் பிடிக்காத மனைவியின் எழுத்து அது என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். எவ்வாறாயினும், வென்ற நிலங்களையெல்லாம் திருப்பிக் கொடுத்து அவன் அமைதி செய்துகொண்டதால் பிரெடரிக் பிழைத்தான். அரை ஆண்டுக்குள் பீட்டர் ஆட்சியையும் உயிரையும் இழந்தான். ஆயினும் ருஷியா மீண்டும் போருக்கு வரவில்லை. 1763ஆம் ஆண்டு பிப்ரவரியில் போர் ஓய்ந்தது. ஐரோப்பாவில் யார் யாருடைய எல்லையும் பெரிதாக மாறவில்லை. பிரஷ்யப் படையில் மாண்டோர் மட்டும் ஏறத்தாழ 1,80,000 பேர் என்று பிரெடரிக்கே கணக்கிட்டான்.

போருக்குச் சென்றபோது நாற்பத்துநான்கு வயதினனாக இருந்தவன், கூன் விழுந்த முதியவனைப் போலத் திரும்பினான். படைக் குதிரைகளை உழவர்க்கு ஏர் பூட்டக் கொடுத்தான். விதைத் தானியம் வழங்கினான். எரிந்த வீடுகளை எழுப்பினான். உருளைக்கிழங்கைப் பயிரிடுமாறு போருக்கு முன்பே ஆணையிட்டிருந்தான். மக்கள் தயங்கியும் அவன் விடவில்லை. பிறர் நிலத்தின் மீதுள்ள ஆசை மட்டும் அவனை விட்டகலவில்லை. 1772இல் அண்டை நாடுகளோடு சேர்ந்து போலந்தைப் பங்கிட்டுக்கொண்டான்.

இக்காலத்தில்தான் அவன் பொம்மையானான். பிரஷ்யாவைச் சேராத நூரம்பர்க் நகரத்தில் ஹில்பர்ட் என்னும் வெள்ளீயக் கொல்லர் இருந்தார். கரும்பலகைக் கல் இரண்டில் உருவத்தின் இரு பக்கங்களையும் குடைந்து, அவற்றைச் சேர்த்துக் கட்டி, உருகிய ஈயக் கலவையை ஊற்றித் தட்டையான உருவங்களை அவர் வார்த்தார். 1777இல் அவர் வார்த்த குதிரைமேலமர்ந்த பிரெடரிக் பெரும்புகழ் பெற்றது. வெள்ளீயம் மலிவானது, ஆதலால் அரசிளங்குமரர் மட்டுமே வெள்ளியில் வைத்து விளையாடிய படைகள் எளியோர் வீட்டிற்கும் வந்தன. வார்த்த உருவங்களைப் பெண்களும் சிறுவரும் வீட்டிலிருந்தே கூலிக்கு வண்ணம் தீட்டினர். நம் நெசவாளர் இல்லங்களில் தறிக்காகத் தார் சுற்றும் கைகளை அது நினைவூட்டும்.

பின்னாளில் முதியோரும் இவற்றைச் சேர்க்கத் தொடங்கினர். அவர்கள் வண்ணந்தீட்டும் முறை பொறுமையைச் சோதிப்பது. வார்ப்பின் விளிம்பிலுள்ள பிசிறை அரத்தால் அராவி, அடிப்பூச்சுக் கொடுத்து உலர்த்துவர். பிறகு முகம், அதன்பின் சட்டை. அதற்குரிய கருநீலம், பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் கண்டறியப்பட்ட பிரஷ்ய நீலம். கழுத்துப்பட்டையும் கைமடிப்பும் சிவப்பு. உட்சட்டை வைக்கோல் மஞ்சள். மார்பில் வெள்ளி விண்மீன். ஒரு நிறம் தவறினும் வேறு படைப்பிரிவாகிவிடும். அதனால் பழஞ்சித்திரங்களையும் ஏடுகளையும் புரட்டி உறுதி செய்த பின்னரே தூரிகையைத் தொடுவர். குல்ம்பாக் நகரக் கோட்டையிலுள்ள வெள்ளீய உருவக் காட்சிச்சாலையில் இத்தகைய உருவங்கள் ஏறத்தாழ மூன்று இலட்சம் உள்ளன.

பொம்மையின் முதுகு நிமிர்ந்திருக்கும், சட்டை பளபளக்கும். உண்மை மன்னனோ அப்போது ஒட்டுப்போட்ட பழஞ்சட்டையில், மூக்குப்பொடிக் கறையோடு, பற்கள் உதிர்ந்து, குழல் ஊத இயலாதவனாய், நாய்களைத் துணையாகக் கொண்டு சான்சூசியில் வாழ்ந்தான். அவனுக்குப் பிள்ளைகள் இல்லை. 1786ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17ஆம் நாள், எழுபத்துநான்காம் வயதில், நாற்காலியில் அமர்ந்தவாறே உயிர் நீத்தான்.

தன்னைத் தன் நாய்களின் அருகே, ஆரவாரமின்றிப் புதைக்க வேண்டுமென்று அவன் எழுதி வைத்திருந்தான். அடுத்து வந்த அரசன் அதனைக் கேளாது, தேவாலயம் ஒன்றில் தந்தையின் பேழைக்கு அருகிலேயே அவன் உடலையும் வைத்தான். உயிரோடிருந்தபோது தப்பியோட முயன்ற தந்தையின் பக்கத்தில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் அவன் கிடக்க நேர்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அப்பேழைகள் உப்புச் சுரங்கத்தில் ஒளித்து வைக்கப்பட்டுப் பின்னர் ஊர் ஊராய் மாறின. 1991ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17ஆம் நாள் இரவில்தான் அவன் விரும்பிய இடத்தில் அடக்கம் நிறைவேறியது. பெயர் மட்டும் பொறித்த தட்டைக் கல் அங்கே கிடக்கிறது. காண வருவோர் அதன்மேல் உருளைக்கிழங்குகளை வைத்துச் செல்கின்றனர்.