கோவூர் வைத்த பந்தயம்

மன்றத்து மலரில் அருளாளரின் வாழ்வை எழுதுவதே மரபு. இம்முறை ஆண்டவன் இல்லை என்று சொல்லியே வாழ்ந்து மறைந்த ஒருவரை நாம் எடுத்துக்கொண்டோம். இந்து இளைஞர் மலரில் நாத்திகருக்கு என்ன வேலை என்று பெரியோர் முகஞ்சுளிக்கலாம். முழுவதும் படித்தபின் தீர்ப்பு வழங்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

ஆபிரகாம் தொம்மா கோவூர் 1898ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் கேரளத்துத் திருவல்லாவில் பிறந்தார். தந்தையார் மார்த்தோமா திருச்சபையின் குருவானவர். கல்கத்தாவில் படித்த நாளில் ஊர் திரும்பும்போது, அயலார் கேட்டிருந்த கங்கை நீருக்குப் பதிலாக ரெயில் நிலையக் குழாய்த் தண்ணீரை நிரப்பிக் கொடுத்தாராம். அருந்தியவர்களோ நோய் தீர்ந்ததென்று மகிழ்ந்தார்களாம். தீர்த்தது நீரா, நினைப்பா என்னும் கேள்வி அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

1928இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் கற்பித்தார். பின்னர் காலி, கல்கிசை, கொழும்பு ஆகிய இடங்களிலும் ஆசிரியராக விளங்கி 1959இல் ஓய்வுபெற்றார். திருச்சபையார் நிறுவிய கல்லூரிகளிலேயே நெடுங்காலம் கற்பித்தும் அவர் ஐயம் தணியவில்லை. மிஷன் பாடசாலையில் படித்த நமக்கு இது வியப்பன்று. வேதபாட வகுப்பில் நாமும் வாய்திறந்து கேட்காத கேள்விகள் பல உண்டு.

அதன்பின் இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவரானார். பேய் உலவுவதாகச் சொன்ன வீடுகளுக்குச் சென்று உண்மையைத் துருவினார். பேய் பிடித்ததாக அஞ்சியவர்களின் மனநோயை மனோவசிய முறையால் ஆற்றினார். 1963இல், மோசடிக்கு இடமில்லாத நிபந்தனைகளின் கீழ் அற்புத சக்தியைக் காட்டுவோருக்கு ஓர் இலட்சம் ரூபா பரிசு என்று அறிவித்தார். 1978 செப்டெம்பர் 18ஆம் நாள் அவர் மறையும்வரை அதனை வென்றவர் எவருமிலர். தம் உடலையும் மருத்துவக் கல்விக்கே கொடுத்துச் சென்றார்.

நாத்திகமும் ஒரு மதவெறியாக மாறக்கூடுமா? கூடும். 1967இல் அல்பேனிய அரசு பள்ளிவாசல்களையும் தேவாலயங்களையும் மூடி, நாட்டை நாத்திக நாடென்று அறிவித்தது. வழிபட்டவன் குற்றவாளியானான். அங்கே கேள்விக்கு இடமில்லை, காவலுக்கே இடமிருந்தது. கோவூரோ எவர் வாயையும் அடைக்கவில்லை. தாம் தோற்பதற்கும் ஒரு வழியைத் திறந்து வைத்து, அதன் வாசலில் தம் பணத்தையும் வைத்தார். தோல்விக்கு வழிவிடுபவனை வெறியன் என்று எப்படிச் சொல்வது?

ஆயினும் ஓரிடத்தில் நாம் அவரோடு உடன்படோம். கையில் திருநீறு வரவழைப்பவரைச் சோதிக்கலாம். பந்தயம் அதற்குப் போதும். நம் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுமுன் கவ்வாத்துச் சாமிக்குத் தேங்காய் உடைக்கும் பாட்டி எந்த அற்புதத்துக்கும் உரிமை கோரவில்லை. பிள்ளைகளின் கைகால் காயப்படாதிருக்க வேண்டுகிறாள், அவ்வளவே. மாயவித்தைக்காரன் தோற்றதால் அவள் வணங்கும் தெய்வமும் தோற்றது என்று கோவூர் முடிவுகட்டும்போது, சோதனை நின்று போதனை தொடங்குகிறது. அந்த ஒரு பாய்ச்சலில் அவரும் பிரசங்கியாரைப் போலாகிறார்.

அதைக்கொண்டு நாம் மார்தட்டிக்கொள்ள வேண்டா. லயத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லாமல் கோடாங்கியை அழைத்துவந்து இரவெல்லாம் உடுக்கடித்த வீட்டை நாம் கண்டோம். விடியுமுன் வலிப்புக் கண்டது. பிள்ளை பிழைத்தது பெரும்பாடு. அன்று அந்த வீட்டுக்குள் கோவூரின் கேள்வி நுழைந்திருந்தால் தெய்வத்துக்கு என்ன குறை நேர்ந்திருக்கும்?

எவர் சொன்னாலும் மெய்ப்பொருளைத் தேடுக என்பதே வள்ளுவர் காட்டிய நெறி. ஆத்திகர் நாத்திகர் இருவருக்கும் அது பொதுவிதி. இளைஞர்காள்! விளக்கை ஏற்றுங்கள்; அந்த விளக்கொளியிலேயே கோடாங்கியின் கையையும் பாருங்கள். சோதனைக்கு அஞ்சாத பக்தியே நம் மன்றத்துக்கு அணி.