டாக்டர் திவான் சிங் காலேபாணி

அந்தமானை மக்கள் கறுப்புத் தண்ணீர் என்று அஞ்சி அழைத்த காலம் அது. அத்தண்ணீரின் பெயராலேயே பிற்காலத்தவர் நினைவுகூரும் சீக்கியப் பெரியார் ஒருவர் உண்டு. டாக்டர் திவான் சிங் 1897-இல் சியால்கோட் மாவட்டத்தில் பிறந்தார். 1927-இல் போர்ட் பிளேருக்கு மருத்துவராக வந்தார். (அந்நகருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது.)

இறைவன் ஒருவனே, உருவமற்றவன்; அவன் நாமத்தை நினை, நேர்மையாய் உழை, பகிர்ந்து உண் என்பது குரு நானக் வகுத்த நெறி. படைத்தவன் ஒருவனுண்டென்பது நமக்கு உடன்பாடன்று. ஆயினும் லங்கர் எனும் பொதுப் பந்தியில் எச்சாதியாரும் ஒரே வரிசையில் தரையிலமர்ந்து உண்பர். தனிப் பந்தியின் இழிவை அறிந்தோர்க்கு இதன் அருமையை விளக்க வேண்டுவதில்லை.

இந்நெறியையே வாழ்வாகக் கொண்டவர் திவான் சிங். நோயாளரைப் பேணினார், குருத்வாரா அமைவதற்கு உழைத்தார், பஞ்சாபியில் கட்டற்ற கவிதை யாத்தார். அவரது வக்தே பாணி 1938-இல் வெளிவந்தது.

1942 மார்ச்சில் ஜப்பானியர் தீவைக் கைப்பற்றினர். இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைவராயிருந்த அவர், மக்கள் படும் துன்பத்தை ஆட்சியாளரிடம் அஞ்சாது எடுத்துரைத்தார். 1943 அக்டோபரில் ஒற்றர் எனக் குற்றஞ்சாட்டிச் சிறைப்படுத்தினர். செல்லுலார் சிறையில் சொல்லொணாச் சித்திரவதைக்கு ஆளாகி, 1944 சனவரி 14-இல் உயிர் நீத்தார். அவர் விட்டுச்சென்ற கவிதைகள் 1962-இல் நூலாயின. போர்ட் பிளேர் குருத்வாரா அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.